சலரோகம் உள்ளவர்கள் விற்றமின் டி எடுக்கலாமா?

கேள்வி: நான் கோண்டாவிலில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை. வயது 63. பதினான்கு வருடமாகச் சலரோகம். அதற்குக் காலையும் இரவும் மெற்ஃபோமின் 1000 மில்லிகிராம், காலையில் கிளிக்லசைட், பிரசருக்கு லொசாட்டனும் ஹைட்ரோகுளோரோதயசைட்டும் சேர்ந்த குளிசை எடுக்கிறேன். கடைசியாகப் பார்த்த எச்.பி.ஏ.வன்.சி (இரண்டு மூன்று மாதச் சராசரிச் சீனியைக் காட்டும் பரிசோதனை) 8.1. உடம்பு அலுப்பு, கால் விறைப்பு என்று தனியார் லாப் ஒன்றில் விற்றமின் டி பார்த்தோம். 17 என்று வந்தது. சென்னைக்குப் போய்வந்த தங்கச்சி 60,000 என்று அச்சடித்த குளிசை அட்டைகள் கொண்டுவந்து தந்தா. விற்றமின் டி ஏறினால் சீனி இறங்கும் என்று யூடியூப்பில் பார்த்தேன். அதனால் இரண்டு கிழமையாக நாளுக்கு ஒன்று எடுக்கிறேன். கனடாவிலிருந்து மகள் அனுப்பிய 1000 அலகுப் போத்தலும் பார்மசியில் வாங்கிய கல்சியம் குளிசையும் கூடவே எடுக்கிறேன். இதனால் சீனி இறங்குமா? இறங்கினால் மெற்ஃபோமினைக் குறைக்கலாமா? இவ்வளவு வெயிலுக்குள் இருக்கும் எங்களுக்கு விற்றமின் டி எப்படிக் குறைகிறது? தம்பிக்கு எல்லைக்கோட்டில் சீனி இருக்கிறது, அவருக்கும் கொடுக்கலாமா?

பதில்:

ரீச்சர், உங்கள் கேள்விகளுக்கு வருவதற்கு முதல் ஒரு காரியம். சென்னையில் இருந்து வந்த அந்த 60,000 குளிசையை இன்றைக்கே நிறுத்துங்கள். கனடாப் போத்தலையும் கல்சியம் குளிசையையும் இப்போதைக்கு மூடி வையுங்கள். மெற்ஃபோமின், கிளிக்லசைட், பிரசர் குளிசை எதையும் நிறுத்த வேண்டாம். இந்தக் கிழமைக்குள் இரத்தத்தில் இரண்டு பரிசோதனை செய்யுங்கள். ஒன்று கல்சியம், மற்றது சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாற்றினின். இரண்டும் சாதாரணப் பரிசோதனைகள், எந்த லாப்பிலும் பார்ப்பார்கள். றிப்போட்டைக் கையில் எடுத்துக்கொண்டு உங்களைப் பார்க்கும் வைத்தியரிடம் போங்கள், அடுத்த கிளினிக் திகதி வரும்வரை காத்திருக்காதீர்கள்.

ஏன் இவ்வளவு அவசரப்படுத்துகிறேன் என்று சொல்கிறேன். அந்த 60,000 அலகுக் குளிசை கிழமைக்கு ஒன்று எடுப்பதற்காகச் செய்தது. குறைவு உள்ளவர்களுக்கு வைத்தியர் கிழமைக்கு ஒன்று வீதம் எட்டுக் கிழமை அளவுக்கு எழுதிக்கொடுத்து, பிறகு சிறிய அளவுக்கு மாற்றுவார். அட்டையின் பின்பக்கத்தில் மிகச் சிறிய எழுத்தில் இருப்பதால் பலருக்கு இது தெரிவதில்லை. குளிசை என்றால் நாளுக்கு ஒன்று என்பதுதான் நம் எல்லாருடைய பழக்கம். இரண்டு கிழமையில் நீங்கள் எடுத்தது கிட்டத்தட்ட 840,000 அலகு. எழுபது வயதைத் தாண்டிய ஒருவருக்கு ஒரு நாளைக்குத் தேவை என்று சொல்லப்படுவது 800 அலகு. அந்தக் கணக்கில் ஏறத்தாழ மூன்று வருடத்துக்குரியது இரண்டு கிழமையில் உள்ளே போயிருக்கிறது.

விற்றமின் சி போல இது அடுத்த நாள் சிறுநீரோடு வெளியே போய்விடாது. கொழுப்பில் கரைவது, உடம்பின் கொழுப்பில் தங்கி நின்று மெல்ல மெல்ல இரத்தத்துக்கு வரும். ஆகவே இன்று நிறுத்தினாலும் அதன் வேலை கிழமைக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் தொடரும். மிஞ்சிய விற்றமின் டி உணவிலுள்ள கல்சியத்தைக் குடலிலிருந்து அதிகமாக உறிஞ்ச வைக்கும், எலும்பில் இருப்பதையும் இரத்தத்துக்கு இழுக்கும். அப்படி ஏறிய கல்சியம்தான் ஆபத்தானது. நீங்கள் வேறு இரண்டு வழியாலும் அதை ஏற்றிக்கொண்டிருக்கிறீர்கள். கல்சியம் குளிசை ஒன்று. மற்றது பிரசர் குளிசைக்குள் சேர்ந்திருக்கும் ஹைட்ரோகுளோரோதயசைட். அது நல்ல மருந்துதான், ஆனால் சிறுநீரோடு வெளியே போகும் கல்சியத்தைக் குறைத்து உடம்புக்குள் பிடித்து வைக்கும் குணம் அதற்கு உண்டு. சாதாரண நேரத்தில் இது ஒரு பிரச்சினையே இல்லை. இவ்வளவு விற்றமின் டி எடுத்திருக்கும் நேரத்தில்தான் கவனிக்க வேண்டியிருக்கிறது.

இரத்தத்தில் கல்சியம் ஏறினால் என்ன செய்யும்? தண்ணீர் விடாய்க்கும். அடிக்கடி சிறுநீர் போகும். இரவில் இரண்டு மூன்று தடவை எழும்ப வேண்டிவரும். உடம்பு சோரும். மலம் இறுகும், சாப்பாட்டில் மனம் போகாது, ஓங்காளிக்கும். இன்னும் ஏறினால் புத்தி தடுமாறும், ஆளை மறந்து கதைப்பார்கள். முதல் மூன்றையும் திரும்ப வாசித்துப் பாருங்கள் ரீச்சர். விடாய், அடிக்கடி சிறுநீர், சோர்வு. சீனி ஏறினாலும் இதே மூன்றுதான் வரும். சலரோகக்காரருக்கு இது வந்தால் வீட்டில் எல்லாரும் சீனியைத்தான் குற்றம் சொல்வார்கள், சிலர் தாங்களாகவே கிளிக்லசைட்டில் பாதி கூட்டிக்கொள்வார்கள். கல்சியத்தால் வந்த விடாய்க்குச் சீனிக் குளிசையைக் கூட்டினால் சீனி மளமளவென்று இறங்கி மயக்கம் வந்துவிடும். ஆகவே இனிவரும் நாட்களில் விடாய் கூடினால் முதலில் குளுக்கோமீற்றரில் விரலைக் குத்திப் பாருங்கள். சீனி வழக்கமான அளவில் இருக்க விடாய் மட்டும் கூடுதலாக இருந்தால் கல்சியத்தைச் சந்தேகியுங்கள். வாந்தி நிற்காவிட்டாலோ கதை குழறினாலோ காத்திராமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அங்கே பார்க்கும் வைத்தியரிடம் முதல் வசனமாக "நான் 60,000 விற்றமின் டி தினமும் எடுத்தேன்" என்று சொல்லுங்கள். அவர்களாகவே அதை ஊகிக்க வழியில்லை.

இரண்டு கிழமை எடுத்த எல்லாருக்கும் இப்படி வந்துவிடும் என்று பயமுறுத்தவில்லை. குறைவோடு தொடங்கிய பலருக்குக் கல்சியம் ஏறாமலே போகலாம். உங்களுக்கும் அப்படியே இருக்க வேண்டும் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் பதினான்கு வருடச் சலரோகத்தில் சிறுநீரகம் எந்த நிலையில் இருக்கிறது என்பது உங்கள் கடிதத்தில் இல்லை. அதைப் பார்க்காமல் தைரியம் சொல்ல என்னால் ஏலாது.

சரி, இனி உங்கள் முதல் கேள்வி. விற்றமின் டி எடுத்தால் சீனி இறங்குமா?

யூடியூப்பில் சொன்னது முற்றிலும் ஆதாரமில்லாத கதை என்று சொல்லமாட்டேன். இன்சுலினைச் சுரக்கும் கணையக் கலங்களில் விற்றமின் டி வந்து ஒட்டும் இடங்கள் உண்டு. இரத்தத்தில் விற்றமின் டி குறைந்தவர்களிடம் சலரோகம் கூடுதலாகக் காணப்படுகிறது என்பதும் பல நாடுகளில் கண்டதுதான். இதிலிருந்து "குறைவால்தான் சலரோகம் வந்தது, நிரப்பினால் போய்விடும்" என்று தாவுவதுதான் பிழை. பருத்த உடம்பில் விற்றமின் டி கொழுப்புக்குள் போய் அடங்குவதால் இரத்தத்தில் குறைவாகத் தெரியும். அதே பருத்த உடம்பில்தான் சலரோகமும் வருகிறது. நடமாட்டம் குறைந்து வீட்டுக்குள் இருப்பவருக்கு வெயிலும் இல்லை, உடற்பயிற்சியும் இல்லை. இரண்டும் ஒரே ஆளிடம் இருக்கிறது என்பதற்காக ஒன்று மற்றதை உண்டாக்கியது என்றாகாது.

அதைத் தெரிந்துகொள்ள ஒரே வழி ஆட்களை இரண்டு பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு விற்றமினும் மற்றதுக்கு மருந்தில்லாத வெறும் குளிசையும் கொடுத்துப் பார்ப்பது. அமெரிக்காவில் அப்படி ஒரு பெரிய ஆய்வு செய்து 2019இல் முடிவை வெளியிட்டார்கள். எல்லைக்கோட்டில் சீனி உள்ள 2,423 பேர். ஒரு பிரிவுக்குத் தினமும் 4,000 அலகு. இரண்டரை வருடமளவில் பார்த்தபோது விற்றமின் எடுத்தவர்களில் நூற்றுக்கு 24 பேருக்கும் வெறும் குளிசை எடுத்தவர்களில் நூற்றுக்கு 27 பேருக்கும் சலரோகம் வந்திருந்தது. அந்தச் சிறு வித்தியாசம் தற்செயலாகவும் வந்திருக்கலாம் என்ற அளவுதான். இது சலரோகம் இன்னும் வராதவர்களின் கதை, இதைத் தம்பி விஷயத்தில் திரும்ப எடுக்கிறேன். ஏற்கெனவே சலரோகம் உள்ளவர்களுக்குக் கொடுத்துப் பார்த்த ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தால் எச்.பி.ஏ.வன்.சியில் கிடைப்பது மிகச் சிறிய இறக்கம். பல ஆய்வுகளில் அதுவும் இல்லை. குறைவு இல்லாதவர்கள் சீனியைக் குறைப்பதற்காக விற்றமின் குளிசைகள் எடுப்பதை அமெரிக்க நீரிழிவுச் சங்கமும் பரிந்துரைப்பதில்லை.

ஆகவே உங்கள் 8.1ஐ விற்றமின் டி 7க்குக் கொண்டுவராது. மெற்ஃபோமினைக் குறைக்க வேண்டாம். அந்த எண்ணத்தை இன்றோடு விட்டுவிடுங்கள். என் கிளினிக்கில் நான் அடிக்கடி காண்பது இதுதான்: புதிதாக ஒரு சாமான் தொடங்கும்போது, எதுவும் சொல்லாமல் பழைய மருந்தில் ஒன்று கழன்றுவிடும். மூன்று மாதத்தில் சீனி ஏறி வந்து நிற்கும்போதுதான் வெளியே வரும். 8.1ஐ இறக்க வேண்டுமானால் இரவுப் பிட்டின் அளவு, பனங்கட்டியோடு குடிக்கும் தேத்தண்ணி, மருந்து தவறும் நாட்கள் என்று வைத்தியரோடு இருந்து கதைக்க வேண்டும். பனங்கட்டி சலரோகத்துக்குப் பிழையில்லை என்ற நம்பிக்கை எங்கள் ஊரில் ஆழமாக இருக்கிறது. அதிலும் இருப்பது சீனிதான்.

அப்படியென்றால் 17 என்று வந்ததை விட்டுவிடலாமா? இல்லை. அது குறைவுதான். 20க்குக் கீழே இருந்தால் போதாது என்றும், 12க்குக் கீழே போனால் கடுமையான குறைவு என்றும் பொதுவாகக் கணக்கெடுக்கிறார்கள். இந்த இடத்தில் அலகைப் பார்க்கப் பழகுங்கள். உங்கள் லாப் தந்தது மில்லிலீற்றருக்கு நனோகிராம் என்ற அலகில் இருக்க வேண்டும். லண்டனில் லீற்றருக்கு நனோமோல் என்று தருவார்கள். இரண்டரையால் பெருக்கினால் அது வரும். உங்கள் 17ஐ அங்கே 42 அல்லது 43 என்று எழுதுவார்கள். அங்கேயிருக்கும் உறவினர் "எனக்கு 45 இருக்குது, உனக்கு 17தானா" என்று ரெலிபோனில் கேட்டால் பயப்பட வேண்டாம், இருவரும் ஏறக்குறைய ஒரே இடத்தில்தான் நிற்கிறீர்கள்.

குறைவை நிரப்புவது எலும்புக்காகவும் தசைக்காகவும். இதை நான் சிறிதாக நினைக்கவில்லை. சலரோகக்காரரின் எலும்பு, அடர்த்திப் பரிசோதனையில் நன்றாகத் தெரிந்தாலும், மற்றவர்களின் எலும்பை விட இலேசாக முறியும். விழுவதற்கும் அவர்களுக்குக் காரணங்கள் கூட: கால் விறைத்தால் தரை தெரியாது, கண் மங்கினால் படி தெரியாது, சீனி திடீரென இறங்கினால் தலை சுற்றும். விற்றமின் டி கடுமையாகக் குறைந்தால் இடுப்பு, தொடைத் தசைகள் பலம் இழக்கும். கீழே குந்தியிருந்து எழும்பக் கஷ்டம், கதிரையில் இருந்து எழும்பக் கையை ஊன்ற வேண்டும், படி ஏறத் தொடை இழுக்கும். உங்களுக்கு இவை இருந்தால் வைத்தியரிடம் கட்டாயம் சொல்லுங்கள். அலுப்பு என்ற ஒரு சொல்லுக்குள் இவை எல்லாம் ஒளிந்துவிடும்.

நிரப்புவதற்குச் சிறிய அளவு, நாளாந்தம், நீண்ட காலம் என்பதுதான் நான் விரும்பும் வழி. பெரிய அளவில் ஒரேயடியாகக் கொடுத்தால் இன்னும் நல்லது என்று ஒரு காலம் நினைத்தார்கள். அவுஸ்திரேலியாவில் எழுபது வயது தாண்டிய பெண்களுக்கு வருடத்துக்கு ஒரு தடவை 500,000 அலகு கொடுத்துப் பார்த்து 2010இல் முடிவை வெளியிட்டார்கள். விற்றமின் எடுத்தவர்கள்தான் கூடுதலாக விழுந்தார்கள், அவர்களுக்குத்தான் எலும்பு கூடுதலாக முறிந்தது. எலும்பைக் காக்கக் கொடுத்த மருந்தே இப்படிச் செய்தது. பெரிய இலக்கத்தைப் பார்த்து நல்ல மருந்து என்று முடிவெடுக்கும் எல்லாருக்கும் இதைச் சொல்லி வருகிறேன்.

உங்களைப் பொறுத்தவரை, இப்போதைக்குப் புதிதாக எதுவும் எடுக்கத் தேவையில்லை. உள்ளே போனது காணும். கல்சியமும் கிரியாற்றினினும் சரியாக இருந்தால் மூன்று மாதம் பொறுத்து விற்றமின் டியைத் திரும்பப் பாருங்கள். அதன் பிறகு உங்கள் வைத்தியர் சம்மதித்தால் மகள் அனுப்பிய கனடாப் போத்தலைத் திறக்கலாம். மூன்று சாமான்களிலும் உங்களுக்குப் பொருத்தமானது அதுதான். அதில் 25 மைக்ரோகிராம் என்றும் எழுதியிருக்கும், 1000 அலகு என்பதும் அதுவே. ஒரு மைக்ரோகிராம் என்றால் 40 அலகு. எண்ணெய், முட்டை, மீன் ஏதாவது சேர்ந்த சாப்பாட்டுக்குப் பிறகு எடுத்தால் நன்றாக உறிஞ்சும். வைத்தியர் மேற்பார்வை இல்லாமல் தினமும் 4,000 அலகுக்கு மேலே போகக்கூடாது என்பது வளர்ந்தவர்களுக்கான எல்லை. அந்த எல்லைக்குள் கல்சியம் குளிசையில் சேர்ந்திருக்கும் விற்றமின் டியையும் கூட்ட வேண்டும். உங்கள் கல்சியம் போத்தலை வடிவாகப் பாருங்கள், பெரும்பாலும் அதற்குள்ளும் டி3 என்று போட்டிருப்பார்கள்.

இன்னொன்றையும் இதே இடத்தில் சொல்லிவிடுகிறேன். அல்ஃபாகல்சிடோல் என்று ஒரு சிறிய குளிசை உண்டு. சிறுநீரகம் பழுதடைந்தவர்களுக்கு எழுதுவார்கள். சாதாரண விற்றமின் டியைச் சிறுநீரகம்தான் வேலை செய்யும் நிலைக்கு மாற்றுகிறது. அந்த வேலையைச் செய்ய ஏலாதவர்களுக்கென்று அந்தப் படியைத் தாண்டித் தயாரித்த மருந்து இது. அளவு மைக்ரோகிராமின் பின்னத்தில் இருக்கும், ஆனால் கல்சியத்தை வேகமாக ஏற்றும். பக்கத்து வீட்டில் மிச்சம் இருந்தது என்று யாரும் தந்தால் வாங்க வேண்டாம்.

கால் விறைப்பைப் பற்றி நீங்கள் ஒரே ஒரு சொல்லில் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் எனக்கு மிக முக்கியமாகப் பட்டது அதுதான்.

விறைப்பு, ஊசி குத்துவது போன்ற உணர்வு, பாதத்தில் எரிவு, இவற்றுக்கு விற்றமின் டியை முதலில் தேட வேண்டியதில்லை. பதினான்கு வருடச் சலரோகத்தில் நரம்பு பாதிக்கப்பட்டிருக்கலாம், அது முதல் காரணம். இரண்டாவது விற்றமின் பி12. மெற்ஃபோமினை நீண்ட காலம் எடுப்பவர்களுக்குக் குடல் பி12ஐ உறிஞ்சுவது குறைகிறது. அளவு கூடவும் வருடங்கள் கூடவும் இதற்கான வாய்ப்பும் கூடும். நீங்கள் நாளுக்கு 2000 மில்லிகிராம் எடுக்கிறீர்கள். பி12 மீன், இறைச்சி, முட்டை, பாலில்தான் உண்டு, மரக்கறியில் இல்லை. செவ்வாய், வெள்ளி மரக்கறி, கந்தசஷ்டி, நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும் மரக்கறி என்று இருக்கும் வீடுகள் எங்களிடம் நிறைய. முழுச் சைவமாக இருப்பவர்களும் உண்டு. இப்படி இருக்கும் ஒருவர் பத்து வருடத்துக்கு மேலாக மெற்ஃபோமின் எடுத்தால் பி12 பார்ப்பது அவசியம். விறைப்பு வந்தவர் என்றால் இன்னும் அவசியம். குறைவு கண்டால் ஊசியாகவோ குளிசையாகவோ கொடுக்கலாம், மெற்ஃபோமினை நிறுத்த வேண்டியதில்லை. சலரோக நரம்பு பாதிப்பை முழுமையாகத் திருப்ப எங்களால் முடிவதில்லை. பி12 குறைவால் வந்ததைக் காலத்தோடு பிடித்தால் பெருமளவு திருத்தலாம். பிந்தினால் அதுவும் நிலைத்துவிடும். விற்றமின் டி பரிசோதனைக்குச் செலவழித்த காசை முதலில் பி12க்குச் செலவழித்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. சலரோகக்காரர்கள் கேட்க வேண்டிய விற்றமின் கேள்வி இது, ஆனால் இதை யாரும் கேட்பதில்லை.

இனி வெயில். சித்திரை மாதத்தில் சூரியன் எங்கள் தலைக்கு நேரே உச்சம் கொடுக்கும் ஊர் இது, ஆவணியிலும் ஒரு தடவை நேரே வரும். வருடம் முழுவதும் தோலில் விற்றமின் டி உண்டாக்கும் கதிர் யாழ்ப்பாணத்தில் கிடைக்கிறது. கனடாவில் பனிக்காலத்தில் அது கிடைப்பதே இல்லை. பிறகு எப்படிக் குறைகிறது? அந்தக் கதிர் தோலில் படுவதில்லை, அவ்வளவுதான். நீங்கள் படிப்பித்த காலத்தை யோசித்துப் பாருங்கள். காலை ஏழரையிலிருந்து ஒன்றரை வரை வகுப்பறைக் கூரைக்குக் கீழே, சேலை, போகும்போதும் வரும்போதும் குடை. ஓய்வுபெற்ற பிறகு விடிய ஐந்தரைக்கு நடை, பின்னேரம் ஆறு மணிக்குக் கோவில். உடற்பயிற்சிக்கு இவை நல்ல நேரங்கள், விற்றமின் டிக்கு உதவாத நேரங்கள். சூரியன் சரிந்திருக்கும்போது அந்தக் கதிர் காற்று மண்டலத்திலேயே வடிகட்டப்பட்டுவிடும். யன்னல் கண்ணாடியும் அதை மறித்துவிடும், ஆகவே கண்ணாடிக்குப் பின்னால் இருந்து வெயில் காய்வதில் பலனில்லை. எங்கள் கறுப்புத் தோலுக்கு வெள்ளைத் தோலை விடக் கூடுதல் நேரம் தேவை. வயது போகப் போகத் தோல் விற்றமின் டி உண்டாக்கும் திறனும் குறைந்துகொண்டு போகும்.

முற்றத்தில் நின்று உங்கள் நிழலைப் பாருங்கள். நிழல் உங்கள் உயரத்தை விடக் கட்டையாக இருந்தால் அந்தக் கதிர் வருகிறது. காலை ஒன்பதரை, பத்து மணிக்கே எங்களுக்கு அப்படி வந்துவிடும், நடுப்பகல் வரை காத்திருக்கத் தேவையில்லை. முகமும் முழங்கை வரை கையும் தெரிய இருபது நிமிடமளவு, கிழமைக்கு மூன்று நான்கு நாள். உடுப்புக் காயப்போடும் நேரமாகவோ பூமரத்துக்குத் தண்ணீர் விடும் நேரமாகவோ இருக்கலாம். தோல் எரியும்வரை நிற்க வேண்டாம். நீங்கள் கிளிக்லசைட் எடுப்பவர், காலைச் சாப்பாடு சாப்பிடாமல் வெயிலில் நிற்க வேண்டாம், வியர்வையும் பசியும் சேர்ந்தால் சீனி இறங்குவது தெரியாமலே போய்விடும்.

காலில் செருப்பு இருக்க வேண்டும். இதை எத்தனை தடவை சொன்னாலும் எனக்குக் காணாது. சென்ற வருடத் திருவிழாக் காலத்தில் ஒரு ஐயா வந்தார். இரண்டு உள்ளங்காலிலும் தண்ணீர்க் கொப்புளம், ஒன்று உடைந்து தோல் சுருண்டு கிடந்தது. எப்போது சுட்டது என்று கேட்டேன், தெரியாது என்றார். மத்தியானம் வெளிவீதியைச் சுற்றியிருக்கிறார், மணல் சுட்டதே அவருக்குத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து கால் கழுவும்போது மகள்தான் கண்டிருக்கிறா. அந்தப் புண் ஆறக் கிழமைக்கணக்கானது. கால் விறைப்புள்ள நீங்கள் கோவிலுக்கு விடியப் பூசைக்கோ பொழுதுபட்ட பிறகோ போங்கள். வீட்டுக்கு வந்ததும் இரண்டு பாதத்தையும் விரல் இடுக்கு வரை பாருங்கள். குனிய ஏலாவிட்டால் ஒரு கண்ணாடியை நிலத்தில் வைத்துப் பார்க்கலாம். வெயிலுக்காகவும் வெறுங்காலோடு முற்றத்தில் இறங்க வேண்டாம்.

சாப்பாட்டால் இந்தக் குறைவை முழுமையாக நிரப்புவது கடினம், ஆனால் மீன் சாப்பிடும் வீடு என்றால் உதவி கிடைக்கும். கொழுப்புள்ள மீன்கள் வேண்டும்: சூடை, சாளை, சூரை. குருநகரிலும் பாசையூரிலும் சூடை மற்ற மீன்களை விட மலிவாகவே கிடைக்கும், விலை கூடிய மீனில்தான் சத்து என்று நினைக்க வேண்டாம். பொரிக்காமல் குழம்பாகவோ ஆணமாகவோ வைத்துச் சாப்பிடுங்கள். முட்டை மஞ்சட்கருவிலும் கொஞ்சம் உண்டு. சில பால்மாக்களில் விற்றமின் டி சேர்த்திருப்பார்கள், பெட்டியில் எழுதியிருக்கும். கருவாட்டைக் கணக்கில் எடுக்க வேண்டாம், பிரசர் உள்ளவருக்கு அந்த உப்பு ஆகாது.

கடைசியாகத் தம்பி. எல்லைக்கோட்டில் நிற்பவர்களுக்குச் சலரோகம் வராமல் தடுக்க விற்றமின் டி ஓரளவு உதவலாம் என்ற கருத்து இப்போது பலம் பெற்றிருக்கிறது. மேலே சொன்ன ஆய்வோடு அதே மாதிரியான வேறு இரண்டையும் சேர்த்து 2023இல் கணக்குப் பார்த்தபோது சலரோகம் வரும் வாய்ப்பு ஏறத்தாழ நூற்றுக்கு 15 பங்கு குறைந்திருந்தது. அடுத்த வருடம் அமெரிக்காவிலுள்ள அகஞ்சுரப்பியியல் வைத்தியர்களின் சங்கம், சலரோகம் வரும் ஆபத்துக் கூடிய எல்லைக்கோட்டினருக்கு, உணவு, உடற்பயிற்சி மாற்றங்களோடு சேர்த்து விற்றமின் டி கொடுக்கலாம் என்று சொன்னது. உடம்பின் நிறையில் நூற்றுக்கு ஐந்து, ஏழு பங்கைக் குறைத்துத் தினமும் அரை மணித்தியாலம் வேகமாக நடப்பவருக்குக் கிடைக்கும் பலன் இதைவிட மிகப் பெரியது, அமெரிக்காவில் செய்த இன்னொரு பெரிய ஆய்வில் அது பாதிக்கு மேல் ஆபத்தைக் குறைத்தது. ஆகவே தம்பி நடக்கத் தொடங்கட்டும், இரவுச் சாப்பாட்டைக் குறைக்கட்டும். விற்றமின் டியை அவர் வைத்தியரிடம் கேட்டு நாளாந்தச் சிறிய அளவில் எடுப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. சிறுநீரகக் கல்லு வந்த ஆள் என்றால் அதை வைத்தியரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். சென்னை அட்டையில் மிச்சம் இருப்பதை மட்டும் அவருக்குக் கொடுக்காதீர்கள்.

வைத்தியரிடம் போகும்போது கிளினிக் கொப்பியோடு அந்த அட்டை, கனடாப் போத்தல், கல்சியம் போத்தல் மூன்றையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோய் மேசையில் வையுங்கள். எந்தக் குளிசை எத்தனை நாள் எடுத்தீர்கள் என்பதை ஒரு துண்டில் எழுதிக் கொடுங்கள். கல்சியம், கிரியாற்றினின் றிப்போட் வந்ததும், பி12க்கும் சிறுநீரில் புரதம் போகிறதா என்று பார்க்கவும் எழுதித் தரச்சொல்லிக் கேளுங்கள். பாதத்தையும் தொட்டுப் பரிசோதிக்கச் சொல்லுங்கள்.